பச்சைக் காபிக் கொட்டையில் நன்னாரி: வறுத்த பிறகு மணம் எங்கே போகிறது?

#1 – தூறல்காபி

செய்முறை விவரம் முதலில்:

கொட்டை: ஏற்காடு அராபிகா, வாஷ்ட் (பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்தது), 1 கிலோ, ஈரப்பதம் 11%.
நன்னாரி: நடுவில் உள்ள கட்டையை உருவிப் போட்டுவிட்டு பட்டை மட்டும் 30 கிராம், ஒன்றிரண்டாக இடித்தது.
முறை: பட்டையை மல் துணியில் முடிந்து, கண்ணாடி ஜாடியில் கொட்டைக்கு நடுவில் புதைத்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள். தினம் ஒரு தடவை ஜாடியை உருட்டல்.
வறுவல்: சிறிய டிரம், 200 டிகிரியில் சார்ஜ் (கொட்டையை உள்ளே கொட்டியது), ஒன்பதரை நிமிடத்தில் ஃபர்ஸ்ட் கிராக் (கொட்டை முதலில் வெடிக்கும் சத்தம்), பதினொன்றில் இறக்கியது.

ஜாடியைத் திறந்தால் சர்பத் கடை வாசனை. வறுத்து டிகாக்‌ஷன் போட்டால் சாதா ஏற்காடு. 60 கிராம் பட்டை, 35 நாள் என்று ஏற்றிப் பார்த்தாலும் அதே முடிவு. தவறு எங்கே? அடுத்த வரிசையில் மல்லிகை, ரம், பலாச்சுளை இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கதிதானா?

#2 – ஆவிபிடி

தவறு உங்கள் கையில் இல்லை, மூலக்கூறில் இருக்கிறது.

நன்னாரி மணத்தின் பெரும்பங்கு ஒரே பொருள்: 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. வெனிலாவின் வெனிலினும் இதுவும் ஒரே அணுக்களால் ஆனவை, அவை உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. நன்னாரிப் பொருளில் ஹைட்ராக்சில் தொகுதி ஆல்டிஹைடுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை இறுகப் பற்றுவதில்லை. அதனால் நீராவி வந்தால் அதோடு கிளம்பிவிடும். வேரிலிருந்து இதைப் பிரித்தெடுப்பதே நீராவியில் வடித்துத்தான்.

இப்போது டிரம்முக்குள் பாருங்கள். 1 கிலோ கொட்டையில் 11% என்றால் 110 கிராம் தண்ணீர். அது ஆவியானால் ஏறக்குறைய 185 லிட்டர் நீராவி. அதில் பெரும்பகுதி ஃபர்ஸ்ட் கிராக்குக்கு முன்பே வெளியேறுகிறது. உங்கள் டிரம் நன்னாரியைக் கச்சிதமாக வடித்துப் புகைபோக்கி வழியே அனுப்பியிருக்கிறது. பட்டையை இரட்டிப்பாக்கினால் புகைபோக்கிக்கு இரட்டிப்பு, அவ்வளவுதான்.

மற்ற மணங்களுக்கு ஒரு மேலோட்டமான அளவுகோல், கொதிநிலை. ஏலக்காயின் சினியோலும் ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் 176 டிகிரி. கொத்தமல்லி விதையின் லினலூல் 198. கிராம்பின் யூஜினால் 254. வெனிலின் 285. ஃபர்ஸ்ட் கிராக் 196-ஐ ஒட்டி வரும். கொதிநிலையைத் தொடாமலே காற்றோட்டத்தில் நிறையப் போய்விடும் என்பதால் இதை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் எது முதலில் ஓடும் என்ற வரிசை தெரியும். வறுவலுக்கு முன் ஏற்றுவதென்றால் கிராம்பு, வெனிலா, ஓக் மரம் மாதிரி கனமான மணங்கள். பூவும் பழத்தோலும் நன்னாரியும் வறுவலுக்குப் பின்.

#3 – மூணாம்_டிகாக்‌ஷன்

21 நாள் ஜாடியை உருட்டி, மொட்டை மாடிக் காக்காய்க்கு சர்பத் ஊற்றியிருக்கிறோம் 😀

#4 – கொட்டைவறுப்பி

நன்னாரியை வறுவலுக்குப் பின் ஏற்ற இரண்டு வழி.

ஒன்று, பொடித்துத் தூளோடு கலப்பது. வறுத்த கொட்டை 250 கிராமுக்கு நிழலில் உலர்ந்த பட்டை 6 கிராம். பட்டை முறித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. வெயிலில் காய வைக்காதீர்கள், வாணலியில் சூடு காட்டாதீர்கள். மேலே சொன்ன பொருள் 40 டிகிரியைத் தாண்டியதுமே உருகுகிறது, அதற்குமேல் சூடு காட்டினால் என்ன மிஞ்சும்? பட்டையை முதலில் மிக்சியில் தனியாக ஓட்டிச் சலித்துவிட்டுப் பிறகு காபித்தூளோடு கலக்கவும். காபி பொடியாகும், நன்னாரிப் பட்டை நாராகும். சலிக்காமல் போட்டால் அந்த நார் பஞ்சு மாதிரி ஃபில்டர் கண்ணை அடைத்து, டிகாக்‌ஷன் அரை மணியானாலும் இறங்காது. 8 கிராமுக்கு மேல் போனால் கஷாய வாடை.

இரண்டு, சாராயச் சாறு. வோட்கா 100 மில்லி, பட்டை 20 கிராம், மூடிய பாட்டிலில் ஒரு வாரம், பிறகு காபி ஃபில்டர் தாளில் வடிகட்டல். வறுத்து மறுநாள் ஆன கொட்டை 500 கிராமை அகலப் பாத்திரத்தில் போட்டு, 10 மில்லி சாற்றை ஸ்ப்ரே பாட்டிலால் மூன்று தவணையாக அடித்துக் கிளறவும். அரை மணி திறந்து வைத்து, பிறகு மூடி ஒரு நாள். வறுத்த அன்றே அடிக்க வேண்டாம். முதல் நாள் கொட்டை கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், உள்ளே எதுவும் எளிதில் இறங்காது. சூடான கொட்டையில் அடித்தால் மறுபடியும் காக்காய்க்குத்தான்.

ஒரு கஷ்டம்: வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர். 500 கிராமில் 6 மில்லி ஏறினாலே ஈரப்பதம் 1% கூடும். கொட்டை சீக்கிரம் பழசாகும், பத்து நாளில் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

#5 – டபராசெட்

கடையில் விற்கும் வெனிலா எசன்ஸ், ரோஸ் எசன்ஸை அப்படியே தெளிக்கலாமா? பாட்டில் மலிவு.

#6 – கொட்டைவறுப்பி

கேக்குக்கான எசன்ஸ் பெரும்பாலும் தண்ணீர்ச் சார்பு, கொட்டை நனையும், மணம் ஒட்டாது. தொழிற்சாலையில் போடும் ஃப்ளேவர் வேறு. பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்தது, கொட்டை எடையில் 2 முதல் 3%, அதாவது கிலோவுக்கு 20-30 கிராம். கொட்டை 40 டிகிரிக்குக் கீழே ஆறியதும் கலவை டிரம்மில் ஊற்றி 15-20 நிமிடம் உருட்டுவார்கள். உணவுத் தரம் என்று லேபிளில் இருந்தால் வாங்கலாம். சோப்பு, மெழுகுவத்திக்கான வாசனை எண்ணெயும் அத்தரும் உணவில் சேர்க்கவே கூடாது.

பச்சைக் கற்பூரத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்கிறேன்: வேண்டாம். பொங்கலில் மிளகளவு போடுவது வேறு. கொட்டையில் சமமாகப் பரவாது, ஒரு டம்ளரில் குவிந்துவிடும், அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் போகும்.

#7 – சாமந்தி_மேடு

மல்லிகைக்கு வருகிறேன். மல்லிகைத் தேயிலை முறையை அப்படியே கடன் வாங்கலாம்: சாயங்காலம் பறித்த மொட்டு, மூன்று சென்டிமீட்டர் கொட்டைக்கு ஓர் அடுக்கு பூ, ராத்திரி முழுக்க மூடி, காலையில் பூ பழுப்பாகும் முன் சலித்து எடுப்பது. கிலோவுக்கு 250 கிராம் மொட்டு, மூன்று ராத்திரி.

பூவின் தண்ணீரைக் கொட்டை குடிக்கும், அங்கேதான் கெடும். ஈரப்பதமானி தேவையில்லை, தராசு போதும். 11% ஈரத்தில் 1000 கிராம் என்றால் உலர் எடை 890. காலையில் 1035 கிராம் காட்டினால் தண்ணீர் 145, ஈரப்பதம் 14%. அதை அப்படியே ஜாடியில் மூடினால் பூஞ்சணம். 1005 கிராம் காட்டும் வரை நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரு கொட்டை கனத்துக்குப் பரப்பி உலர்த்த வேண்டும். அப்போது 11.5%-க்குக் கீழே வந்துவிடும். பிறகுதான் அடுத்த ராத்திரிப் பூ.

மார்க்கெட் மல்லி வேண்டாம். மொட்டுப் புழுவுக்கு அடித்த மருந்து அதிலேயே இருக்கும். தலையில் வைக்கும் பூவை யாரும் தின்பதில்லை என்று வளர்ப்பவருக்குத் தெரியும். வீட்டுக் கொடிப் பூ மட்டும்.

#8 – ஆவிபிடி

தராசுக் கணக்கு அருமை. ஆனால் முறையில் ஓட்டை இருக்கிறது. தேயிலைக்கு மணமேற்றிய பிறகு லேசாக உலர்த்துவதோடு சரி. காபிக்கு 200 டிகிரி காத்திருக்கிறது. மூன்று ராத்திரிப் பூ, மூன்று நாள் உலர்த்தல், கடைசியில் லைட் ரோஸ்டில்கூட ஒரு சாயல் தேறினால் அதிகம். மல்லிகைதான் வேண்டும் என்றால் கோல்டு ப்ரூ. 100 கிராம் கரகரப்பான தூள், 1 லிட்டர் தண்ணீர், ஃப்ரிட்ஜில் 14 மணி நேரம். வடிகட்டிய பிறகு இருபது பூவை மிதக்கவிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு மணியானால் பச்சிலைக் கசப்பு இறங்கும்.

#9 – சாமந்தி_மேடு

ஒப்புக்கொள்கிறேன். தராசுக் கணக்கு மட்டும் ரம்முக்கு உதவும்.

#10 – வேர்க்கொம்பு

எங்கட பக்கத்துக் கோப்பியை ஒருத்தரும் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தில கோப்பிக்கொட்டையோட மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடிக்கிறது வழமை. (தமிழ்நாட்டு ஆக்களுக்கு: மல்லி எண்டா கொத்தமல்லி விதை, வேர்க்கொம்பு எண்டா சுக்கு.) ஆனா எல்லாத்தையும் ஒண்டாச் சட்டியில கொட்டிறதில்லை. கோப்பிக்கொட்டை அரைக்கிலோ எண்டா மல்லி 100 கிராம், வேர்க்கொம்பு 15 கிராம். கோப்பி கறுத்து வாற நேரம் அடுப்பைக் குறைச்சுப்போட்டு மல்லியைப் போடுங்கோ. ஒரு நிமிசம், ஒண்டரை நிமிசம், அது பொன்னிறமா வந்து வாசம் எழும்ப உடன இறக்குங்கோ. முதலே போட்டா மல்லி கரிஞ்சு கைக்கும். வேர்க்கொம்பை வறுக்கத் தேவையில்லை, தட்டி உடைச்சு இடிக்கேக்க சேருங்கோ. மிளகு போடுற ஆக்களும் இருக்கினம், அதையும் இடிக்கேக்கதான் போடவேணும், சூட்டில போட்டா வீடு முழுக்க இருமல்.

#11 – ஆவிபிடி

இதே தத்துவம் செனகலில் இருக்கிறது. காஃபே தூபா என்று, கொட்டையோடு 'ஜார்' என்ற ஒரு வகைக் காட்டு மிளகைச் சேர்த்து வறுத்து அரைப்பார்கள், சிலர் கிராம்பும் போடுவார்கள். காரமும் கனமான மணமும் உள்ள பொருள் வறுவலைத் தாங்குகிறது. அரேபியாவில் ஏலக்காயைக் காபி கொதிக்கும்போதுதான் சேர்க்கிறார்கள், அதற்கும் காரணம் இருக்கத்தான் செய்கிறது.

#12 – பனங்காடு

கருப்பட்டிப் பாகில் புரட்டி வறுத்தால்?

#13 – கொட்டைவறுப்பி

பச்சைக் கொட்டையில் புரட்டினால் பத்தாவது நிமிடம் கரி. சர்க்கரை வறுவலின் கடைசியில்தான் சேர வேண்டும். ஸ்பெயினின் டொர்ரெஃபாக்டோ அப்படித்தான்: 100 கிலோ கொட்டைக்கு அதிகபட்சம் 15 கிலோ சர்க்கரை, முடியும் தருவாயில். மலேசியா, சிங்கப்பூர் கோப்பிக் கடைத் தூளிலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதுதான் அந்தக் கருமைக்கும் வழுவழுப்புக்கும் காரணம்.

வீட்டில்: இரும்பு வாணலி, 500 கிராம் கொட்டை, மீடியம் டார்க். அடுப்பை அணைத்துவிட்டு, பொடித்துச் சலித்த கருப்பட்டி 40 கிராம் தூவி, மரக் கரண்டியால் நாற்பது விநாடி விடாமல் கிளறி, நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டிப் பிரித்துவிடவும். ஒட்டிக்கொண்டு கட்டியானால் கருப்பட்டியில் ஈரம். டிரம் ரோஸ்டரில் செய்யவே வேண்டாம். உருகிய சர்க்கரை துளைகளில் இறுகும், அடுத்த வறுவலில் தீப்பிடிக்கும். பர் (பல் வைத்த அரைவைத் தட்டு) கிரைண்டரிலும் போடாதீர்கள், மிக்சிதான்.

#14 – பீப்பாய்

ரம். பீப்பாய் இல்லாமல் செய்யும் அளவு: பச்சைக் கொட்டை 1 கிலோ, ரம் 60 மில்லி, லேசாகச் சுட்ட ஓக் மரச் சில்லு 25 கிராம். சில்லை ரம்மில் இரண்டு நாள் ஊற வைத்து, வடித்த ரம்மைக் கொட்டை மேல் தெளித்து, சில்லைத் துணியில் முடிந்து உள்ளே போடவும். ஜாடியில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், உருள இடம் வேண்டும். முதல் மூன்று நாள் காலை மாலை உருட்டல், பிறகு தினம் ஒன்று, மொத்தம் 14 நாள்.

நம் ரம் 42.8%, ஆகவே 60 மில்லியில் சுமார் 35 கிராம் தண்ணீர். சாமந்தி_மேடு சொன்ன அதே 14%-க்குத்தான் வந்து நிற்கும். சாராயம் இருக்கும்வரை பூஞ்சணம் தயங்கும், ஜாடியைத் திறந்ததும் அந்தக் காவல் போய்விடும். உடனே பரப்பி 1005 கிராம் வரை உலர்த்துங்கள். உலர்த்துமிடத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி கூடாது. 40% சாராயத்தின் ஆவி 26 டிகிரியிலேயே தீப்பிடிக்கும், நம் ஊர் வெயிலுக்கு அது நிழலில் உள்ள வெப்பம். ஈரக் கொட்டையை எரியும் கேஸ் ரோஸ்டரில் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வறுவல்: சார்ஜை 200-லிருந்து 175-180-க்கு இறக்குங்கள். மேலே படிந்த சர்க்கரை சீக்கிரம் கருகும். கொட்டை ஏற்கெனவே பழுப்பாக இருப்பதால் நிறத்தை நம்பாதீர்கள், மான்சூன்ட் மலபாரில் (மழைக்காற்றில் ஊறவிட்ட கொட்டை) வெளுத்த நிறம் ஏமாற்றுவதைப்போல இது எதிர்த் திசையில் ஏமாற்றும். காதும் தராசும்தான் துணை: ஃபர்ஸ்ட் கிராக் தொடங்கி ஒரு நிமிடம், எடை இழப்பு 14-15%. ரம்மின் சாராயம் முழுக்கப் போய்விடும். நிற்பது ஓக்கின் வெனிலின், கருகிய சர்க்கரை வாடை, கொஞ்சம் உலர் திராட்சை. "ரம் அடிக்கிறதே" என்று யாராவது சொன்னால் கொட்டை சரியாக உலரவில்லை.

#15 – டபராசெட்

மேலே லேசாக வெள்ளைப் பூத்திருந்தால் கழுவிக் காயவைத்து வறுத்துவிடலாமா? 200 டிகிரியில் எது பிழைக்கும்?

#16 – ஆவிபிடி

பூஞ்சணம் சாகும், அது விட்டுப்போன ஒக்ராடாக்சின் என்ற நஞ்சு முழுதும் அழியாது. சிறுநீரகத்துக்குக் கேடு. மொத்தத்தையும் கொட்டுங்கள், குப்பைக்கு.

#17 – கீழ்ப்பழனி

பலாச்சுளைக்குப் பச்சைக் கொட்டை கட்டத்தில் எதுவும் செய்ய முடியாது, பழம் சேர்க்கும் நேரம், காபிப் பழத்தைத் தோலுரிக்கும் கட்டம். அங்கே நடைமுறைச் சிக்கல்: அராபிகா பறிப்பது நவம்பர் முதல் ஜனவரி, பலா பழுப்பது சித்திரை, வைகாசியை ஒட்டி. ஒரே எஸ்டேட்டில் நிழல்மரமாக நின்றாலும் இரண்டும் சந்திப்பதில்லை. சுளையை உறைய வைத்திருக்க வேண்டும். அதைவிட அந்த மாதத்தில் அங்கேயே கிடைக்கும் மலைவாழையோ கமலா ஆரஞ்சோ சரி. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை காபிக்கு ஊடுபயிர்.

10 கிலோ பழுத்த காபிப் பழம் (இதில் கடைசியில் பச்சைக் கொட்டை 2 கிலோவுக்கும் குறைவாகவே தேறும்). தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்கி, பல்ப்பரில் தோலுரித்து, வழவழப்போடு 20 லிட்டர் உணவுத் தர டிரம்மில். நன்கு பழுத்த வாழை 1 கிலோ மசித்தது. மூடியில் ஒருவழிக் குழாய், அதன் முனை தண்ணீர் பாட்டிலுக்குள். குழாய் வைக்காமல் இறுக மூடினால் மூடி கூரையைத் தொடும். நிழல், 20-22 டிகிரி, 48 மணி நேரம். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பி.எச். பாருங்கள்: 5.5-ஐ ஒட்டித் தொடங்கும், 4-ஐத் தொட்டதும் நிறுத்திக் கழுவுங்கள். 3.7-க்குக் கீழே விட்டால் ஊறுகாய் வாடை, அதை எந்த வறுவலும் மறைக்காது. உயர்த்திய வலைப் படுக்கையில், முதல் மூன்று நாள் நிழலில், மொத்தம் இரண்டு வாரத்துக்கு மேல், 11% வரை. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்படும், ஒரு மாதத்தில் புளித்த வாடை.

வாழை வாசனை வரும் என்று எண்ண வேண்டாம். வாழைச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று உண்டாக்கும் எஸ்டர்களின் மணம்தான் கிடைக்கும், பொதுவாகப் பழுத்த பழச் சாயல்.

#18 – மூணாம்_டிகாக்‌ஷன்

அப்படியானால் கொலம்பியாக் காபிப் பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கில் அறையும் பீச் மிட்டாய் வாசனை?

#19 – கீழ்ப்பழனி

கொட்டைக்கும் பழக்கூழுக்கும் நடுவே பார்ச்மென்ட் தோலும் வெள்ளித் தோலும் இருக்கின்றன, அவ்வளவு மிட்டாய் வாசனை அந்த வழியாக உள்ளே போவது கடினம். எசன்ஸ் என்று சந்தேகப்பட மூன்று அறிகுறி: பச்சைக் கொட்டையே கைச்சூட்டில் பழ வாசனை அடிப்பது, சூடாகவும் ஆறியும் சுவை மாறாமல் ஒரே பாட்டாக இருப்பது, அரைத்த கிரைண்டரில் மறுநாளும் வாசனை நிற்பது. அறிகுறிதான், சாட்சியம் ஆகாது. சேர்ப்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் வம்பு.

#20 – கொட்டைவறுப்பி

விற்பவர்களுக்கு: சிக்கரியானாலும் நன்னாரியானாலும் லேபிளில் வர வேண்டும். சிக்கரிக் கலவையில் காபி 51%-க்குக் குறையக் கூடாது.

#21 – சாமந்தி_மேடு

மணம் ஏறியதா, ஏறியதாக நினைக்கிறோமா என்பதைச் சோதிக்காமல் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே கொட்டையில் 200 கிராமை எதுவும் ஏற்றாமல் ஒதுக்கி, அதே வறுவல் கொடுங்கள். 8.25 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர், 93 டிகிரி, நான்கு நிமிடம். மூன்று டம்ளர், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது, எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊற்றுபவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர். ஒன்பது சுற்றில் ஆறு சரியானால் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். நான்கு சரி என்றால் குருட்டாம்போக்கு.

பால் ஊற்றிச் சோதிக்காதீர்கள், 30% சிக்கரியோடும் வேண்டாம். கிராம்பு, ஏலம், சுக்கு பாலில் எழும்பும். பழ நொதித்தலும் ஓக்கும் பாலில் மூழ்கிவிடும். லைட் ரோஸ்ட் பழக் காபியில் சூடான பாலை ஊற்றினால் புளிப்புக்குத் திரியவும் செய்யும்.

#22 – தூறல்காபி

6 கிராம் பட்டை, சலித்துக் கலந்தது, ஒன்பதுக்கு எட்டு. பாலில்லாமல் நன்னாரி தெளிவாக நிற்கிறது, பாலோடு பின்வாசனையாக மட்டும். இரண்டு கேள்வி மிச்சம். உருவிப்போட்ட நடுக்கட்டையில் ஏதாவது பயன் உண்டா? கிரைண்டரில் முன்பு அரைத்த ஏலக்காய் இன்னும் அடிக்கிறது, பச்சரிசி போட்டு ஓட்டலாமா?

#23 – கொட்டைவறுப்பி

கட்டையில் மணம் கிடையாது, மரத்தூள் சுவை மட்டும். பச்சரிசி கடினம், சிறிய கிரைண்டரின் மோட்டார் திணறும். பழைய கொட்டை 40 கிராம் போட்டு ஓட்டி, பர்ரைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் எண்ணெய்ப் படிவைத் தேய்த்து, இன்னொரு 40 கிராம். மேலே உள்ள பிளாஸ்டிக் கூம்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள், வாசனை பெரும்பாலும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.